கடல் பார்த்த சாளை

மே 3, ஞாயிறு

பயண நூல் எழுத விரும்புகிறவர்கள் புறப்படுவதற்கு முன்பே குறிப்பெடுக்கத் தொடங்கிவிட வேண்டும் என்று எங்கள் தமிழம்மா சொல்லியிருக்கிறார். நாங்கள் செவ்வாய்க்கிழமை புறப்படுகிறோம். ஆகவே இன்றே தொடங்குகிறேன்.

என் பெயர் கயல்விழி. ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறேன். ஊர் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கம். அப்பா நாச்சிமுத்து, எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அம்மா சாந்தாமணி தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து போயிருக்கும் மிகத் தொலைவான இடம் பழனி. கடலை நானும் பார்த்ததில்லை, அம்மாவும் பார்த்ததில்லை.

அப்பாவும் அம்மாவும் இப்போது நேராகப் பேசிக்கொள்வதில்லை. இதைச் சண்டை என்று எழுத எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் சண்டை என்றால் சத்தம் இருக்கும். நடந்தது இவ்வளவுதான். அம்மாவுக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. ஒரு தபால் ஆபீஸுக்கே அவள்தான் தலைமை. ஆனால் இடம் தெற்கே, ஏதோ கடலோரம். போகிறாளா இல்லையா என்று பதினோராம் தேதி திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். போன மாதம் மாமா வீட்டுக் காதுகுத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, "போறியா சாந்தா?" என்று பெரியம்மா கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"அவ எங்கீங்க போறா? பவானி தாண்டுனா அவளுக்கு வழி தெரியாது."

பந்தியே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவுடன் பேசுவதை நிறுத்திவிட்டாள். எந்த ஊருக்கு மாற்றல் என்பதைக்கூட இன்றுவரை சொல்லவில்லை. கேட்க அப்பாவுக்கும் மனம் வரவில்லை.

எனவே வீட்டுச் செய்திகள் எல்லாம் என் வழியாகப் போகின்றன. சிலவற்றை நான் கொஞ்சம் மெருகேற்றிக் கொடுக்கிறேன். "உங்கொப்பன்கிட்டச் சொல்லு, சோறு ஆறுது" என்று அம்மா சொன்னால், "அப்பா, அம்மா உங்களைச் சாப்பிட அழைக்கிறாள்" என்று கொண்டுபோய்ச் சேர்ப்பேன். தபால் துறை எங்கள் ரத்தத்தில் இருக்கிறது.

பயணம் அப்பாவின் யோசனை. "அம்மிணி, லீவுல எங்காச்சும் போலாமான்னு உன்ற அம்மாகிட்டக் கேளு. எங்க வேணாலும் செரி" என்றார். அப்பா இப்படி விலாசமில்லாமல் செலவுக்குத் துணிந்து நான் பார்த்ததில்லை. அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, தலை நிமிராமல், "புன்னைத்துறைன்னு சொல்லு" என்றாள். புவியியல் புத்தகத்தில் தேடினேன், இல்லை. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. தபால் ஆபீஸில் இருப்பவர்களுக்கு எல்லா ஊர்ப் பெயரும் தெரியும்.

தங்க இடம் வேண்டும். லாட்ஜ் என்ற சொல்லே அப்பாவுக்கு ஆகாது. எங்கள் பக்கம் தோட்டத்துக்குள் இருக்கும் சின்ன வீட்டைச் சாளை என்போம். அந்த மாதிரி ஒன்று கிடைத்தால் சிக்கனம் என்று அப்பா முடிவு செய்தார். கடைக்கு வரும் மீன் லாரி டிரைவர் ஒருவர், புன்னைத்துறையில் எதற்கும் இவரைக் கேளுங்கள் என்று வியாகப்பன் என்பவருடைய நம்பரைக் கொடுத்திருந்தார். அப்பாவின் போனில் காதுப் பக்கம் கேட்காது, ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். அதனால் முழு உரையாடலையும் என்னால் பதிவு செய்ய முடிந்தது.

"கடலோரமா ஒரு நல்ல சாளை வேணுமுங்க. மூணு பேருக்கு. புதங்கெழம வர்றோம்."

"சாளைதான? நெறைய கெடக்கு."

"பழசா இருந்தாலும் பரவால்லீங்க. ரேட்டுக் கொறைவா இருந்தாப் போதும்."

"பழசு என்னத்துக்கு? அன்னன்னைக்கு வாறதே தாறேன்."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் வேணுமுங்க."

"அம்புட்டு நாளைக்கா? அப்பம் ஐஸ் போடணும்."

"ஏசியெல்லாம் வேண்டாமுங்க. காத்து வந்தாப் போதும்."

"காத்துல வச்சா நாறிரும்யா."

"அதை நாங்க கழுவிக்குவமுங்க."

அந்தப் பக்கம் தராசில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. பிறகு, "தலையோடவா, தலை இல்லாமலா?" என்று கேட்டார்.

"தலைக்கு இவ்வளவுன்னு வேண்டாமுங்க. மொத்தமாச் சொல்லிப்போடுங்க."

"சரி. பெட்டி இருக்கா?"

"ரண்டு பெட்டி இருக்குதுங்க."

"அப்பம் ரெண்டு பெட்டி. பஸ் ஸ்டாண்டுலயே நிக்கேன்."

போனை வைத்துவிட்டு அப்பா, "நல்ல மனுசன். பெட்டி தூக்கக்கூட வர்றாராமா" என்றார். தெற்கத்தி விருந்தோம்பல் பற்றித் தனிக் குறிப்பு எழுத வேண்டும்.

மே 5, செவ்வாய்

ஈரோட்டிலிருந்து ரயில். முன்பதிவு இல்லாத பெட்டி. என் ஒரு காலுக்கு மட்டும் இடம் கிடைத்திருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். அப்பா வீட்டிலிருந்து அரிசி, பருப்பு, பாதி தேய்ந்த சோப்பு, ஒரு கேன் தண்ணீர் எல்லாம் கொண்டுவந்திருக்கிறார். அம்மா இஸ்திரி போட்ட ஆபீஸ் சேலை ஒன்றை மடிப்புக் கலையாமல் மேலே வைத்திருக்கிறாள். கடற்கரைக்கு எதற்கு என்று கேட்டேன். "ஈரங் காஞ்சா மாத்திக்க" என்றாள்.

மே 6, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எனக்கு ஒன்றும் கோபமில்லை.

திருநெல்வேலியில் இறங்கி இரண்டு பஸ் மாறிப் புன்னைத்துறைக்கு வந்தோம். பஸ் ஸ்டாண்ட் என்பது ஒரு வேப்பமரம். அதன் நிழலில் சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டு நின்றார். காலடியில் இரண்டு பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள். அவர்தான் வியாகப்பன்.

"கோபி நாச்சிமுத்துதான? இந்தா உங்க சாளை."

அப்பா கும்பிட்டார். பிறகு பெட்டிகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே வீடு எதுவும் இல்லை, ஒரு நாய்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

"சாளை எங்கீங்க இருக்குது?"

"என்னய்யா கேக்கிய? இதாம் சாளை." அவர் மூடியைத் திறந்தார்.

உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, வெள்ளி வெள்ளியாக, ஒரே அளவில், எண்ண முடியாத மீன்கள். எல்லாம் அப்பாவையே பார்த்தன. தலையோடுதான் கொடுத்திருந்தார்.

நான் பையிலிருந்து அகராதியை எடுத்தேன். சாளை: சிறு வீடு, குடிசை. அடுத்த வரி: ஒரு வகைக் கடல்மீன். இரண்டுமே சரி. இதை நான் உடனே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். யாரும் நன்றி சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒரு விவரம். எங்கள் வீட்டில் ஆடும் கோழியும் உண்டு, மீன் கிடையாது. மீன் வாடை பட்டால் அம்மாவுக்குத் தலைவலி வரும். அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பெட்டிகளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, உங்கொப்பன்கிட்டக் கேளு. இதுல மூணு பேரும் எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கறது?"

இதை மெருகேற்ற எனக்கு வழி தெரியவில்லை. அப்படியே கொடுத்தேன்.

ஊரில் ஒரே ஒரு லாட்ஜ் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். எப்போது வருவார் என்று கேட்டதற்கு, "வருவாரு" என்றார் வியாகப்பன். திரும்பிப் போகும் பஸ் எப்போது என்று கேட்டதற்கும், "வரும்" என்றார். கடைசியில் அவரே எங்களைத் தன் அக்கா பிரகாசி வீட்டுக்கு அழைத்துப் போனார். பிரகாசி அக்காள் கதையை முழுவதும் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் வீட்டுக்குப் பின்னால் வலை போட்டுவைக்கும் ஒரு சின்ன வீடு இருக்கிறது. ஒரு அறை, ஒரு அடுப்படி, கடலைப் பார்த்த வாசல். வாடகை என்ன என்று அப்பா கேட்டார்.

"அதப் பொறவு பாப்போம். மொதல்ல இந்த மீனக் கழுவணும். ஏளா புள்ள, ஒம் பேரென்ன?"

சொன்னேன்.

"மீன் திங்காத வீட்டுல கயல்விழியா?" மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மாலையில் கடலுக்குப் போனோம். கடலை வருணிக்க வீட்டிலேயே ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டேன். கடல் பெரியது.

அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றாள். சேலை நனைவதைக் கவனிக்கவில்லை. அப்பா அவ்வளவு தூரம் வந்தும் கடலைப் பார்க்கவில்லை. அம்மா நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 7, வியாழன்

பயண நூலுக்கான குறிப்புகள். புன்னைத்துறையின் முக்கியத் தொழில்கள் மீன்பிடித்தல், உட்காருதல். மதியத்துக்கு மேல் கடைகளை மூடிவிடுகிறார்கள். டீக்கடை மூடுவதில்லை, டீக்கடைக்காரர் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார். தேவைப்பட்டவர்கள் தாங்களே போட்டுக் குடிக்கிறார்கள். வீதிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, எல்லாம் மாதா கோயிலில் போய் முடிகின்றன. ஒரு நூலகமும் இருக்கிறது. திறந்திருப்பதைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக நான்கு அலமாரிகள் தெரிந்தன. இதை ஏன் எழுதினேன் என்றால், சும்மா.

காலை உணவு இட்லியும் சாளைக் குழம்பும். மதியம் சோறும் சாளை வறுவலும். இரவு அவியல் என்றார்கள், நான் காய்கறி என்று நினைத்தேன். அப்பாவுக்கு எதையும் வீணாக்கக் கூடாது. முதல் மீனை மருந்து மாதிரி விழுங்கினார், நாலாவது மீனில் முள் எடுக்கக் கற்றுக்கொண்டார். அம்மா நேற்று மூக்கை மூடிக்கொண்டே பிரகாசி அக்காளுடன் மீன் கழுவ உட்கார்ந்தாள். இன்று இரண்டு கையும் வேலையில் இருந்ததால் மூக்கை மூடவில்லை. தலைவலி வந்ததாகத் தெரியவில்லை.

பிறகு அம்மா ஸ்டாம்பு வாங்க வேண்டும் என்று இஸ்திரி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு தபால் ஆபீஸுக்குப் போனாள். நான் வாசலில் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நீளமான கதை முழுவதும் படித்து முடித்தேன், அம்மா இன்னும் ஸ்டாம்பு வாங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே மேசை, பீரோ, தராசு எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வரும் வழியில் நல்ல தண்ணீர் எந்த நாளில் வரும், பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம், மழைக்காலத்தில் பஸ் வருமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அம்மாவுக்குப் பொது அறிவில் எப்போதுமே ஆர்வம் உண்டு.

ஸ்டாம்பு வாங்க மறந்துவிட்டாள்.

அப்பாவுக்கும் இந்த ஊர் பிடித்திருக்கிறது. உப்புக் காற்றில் மோட்டார்கள் சீக்கிரம் எரிந்துவிடுகின்றனவாம். பிரகாசி அக்காள் வீட்டு மோட்டார் உறுமுவதைக் கேட்டு, "இன்னும் ரண்டு மாசந்தான் தாங்கும்" என்று மனம் குளிர்ந்து சொன்னார்.

மே 8, வெள்ளி, மதியம்

முக்கியமான நாள். மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் (சாளைப் புட்டு). பிரகாசி அக்காள் ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மாவிடம், "ஏம்மா, புதுசா வரப்போற போஸ்ட்டம்மா நீங்கதானாமே? ஆபீசுத் தம்பி சொன்னான். ஒரு வார்த்த சொல்லலியே" என்றார்.

அப்பாவின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. எனக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. நான் நேற்றே ஊகித்திருக்கலாம்.

அப்பா என்னைப் பார்த்தார். "அம்மிணி, நெசமான்னு கேளு."

கேட்டேன். ஒரே பாயில்தான் உட்கார்ந்திருந்தோம்.

"நெசந்தான்னு சொல்லு" என்றாள் அம்மா.

சொன்னேன்.

"என்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேளு."

கேட்டேன். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"பவானி தாண்டுனா வழி தெரியாதவ, எந்த ஊருன்னு சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு கேளு. வழி தெரியாதவ தனியா வந்து பாத்துட்டுப் போலாம்னுதான் நெனச்சேன், லீவு கெடைக்கலை, அதனாலதான் குடும்பத்தோட வந்தேன்னு சொல்லு. திங்கக்கெழம எனக்காக இன்னொருத்தரு வாயத் தொறக்க வேண்டாம், நானே தொறந்துக்குவேன்னு சொல்லு."

அந்த இடத்தில் என் தொண்டை கட்டிக்கொண்டது. முழுவதும். காற்றுதான் வந்தது. கடல் தண்ணீரும் ஐஸும் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. கையைத் தொண்டையில் வைத்துக் காட்டினேன். அப்பா கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். அந்தச் செய்தி இன்னும் என்னிடமே இருக்கிறது, பட்டுவாடா ஆகாமல்.

மே 8, வெள்ளி, இரவு

மதியம் முழுவதும் அப்பா வரவில்லை. நான் பிரகாசி அக்காளுடன் வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஏன் பேச்சு வரவில்லை என்று கேட்டார். தொண்டையில் குரல்நாண்கள் என்று இரண்டு இருப்பதையும், அவை வீங்கினால் என்ன ஆகும் என்பதையும், அறிவியல் புத்தகத்தில் படித்தபடி விளக்கமாகச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒனக்கு ரொம்ப வீங்கியிருக்கு" என்றார்.

எங்கள் வீட்டில் ஏன் எல்லோரும் என்னிடமே பேசுகிறார்கள் என்றும் கேட்டார். அது எங்கள் குடும்ப வழக்கம் என்றேன்.

பொழுது சாயும்போது அம்மாவின் போன் அடித்தது. அம்மா பெயரைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். பிரகாசி அக்காளிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையையும் தூக்கி, "கையெல்லாம் செதிலு" என்றார். போன் நின்றது. மறுபடி அடித்தது. அம்மா எடுத்தாள், ஆனால் பேசவில்லை. ஸ்பீக்கரில் பேசிப் பழகிய அப்பா எப்போதும் கத்தித்தான் பேசுவார். எங்களுக்கும் கேட்டது.

"அம்மிணி? கேக்குதா? உன்ற அம்மாகிட்டச் சொல்லு, எனக்கு வழி தெரியலை. எந்த வீதியில போனாலும் அந்த மாதா கோயிலுக்கே வர்றேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

"எங்க நிக்கறீங்க?" என்றாள் அம்மா.

அப்பாவின் கத்தல் நின்று குரல் இறங்கியது.

"சாந்தாவா?"

"எங்க நிக்கறீங்கன்னு கேட்டேன்."

"ஒரு படகு பக்கத்துல. நீலக் கலரு."

"இந்த ஊர்ல எல்லாப் படகும் நீலந்தானுங்க. கோயிலு உங்களுக்கு வலது கைப்பக்கமா, எடது கைப்பக்கமா?"

"முன்னால."

"பக்கத்துல என்ன கடை?"

"ஒரு டீக்கடை. எல்லாரும் தூங்கறாங்க."

"அங்கியே நில்லுங்க. எங்கியும் நகர வேண்டாம். நான் வர்றேன்."

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். யாரிடமும் வழி கேட்கவில்லை. டீக்கடை கூப்பிடு தூரம்தான், ஆனால் அவர்கள் திரும்பி வர நெடுநேரம் ஆயிற்று. பிரகாசி அக்காள், "ரெண்டாவதா ஒருத்தரும் தொலஞ்சிட்டாவளோ" என்றார். நான் மூன்று முறை வீதி முனை வரை போய்ப் பார்த்தேன். காற்றுக்காகத்தான்.

கடைசியில் வந்தார்கள், பக்கத்துப் பக்கத்தில். வாசலுக்கு வரும்போது அப்பா சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

"காதுகுத்துல அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது சாந்தா. பவானி தாண்டுனா எனக்குத்தான் வழி தெரியலை."

"பவானிக்கு முன்னாடியும் உங்களுக்குத் தெரியாதுங்க. நாந்தான் யாருகிட்டவும் சொல்றதில்லை."

இரவுச் சாப்பாட்டில் அப்பா மூன்று மீன் கூடுதலாகச் சாப்பிட்டார். உப்பு வேண்டும் என்று அம்மாவிடம் நேரடியாகக் கேட்டார். நான் கேட்பது போல அவ்வளவு அழகாகக் கேட்கவில்லை, ஆனாலும் உப்பு வந்தது.

மே 9, சனி

என் தொண்டை சரியாகிவிட்டது.

அப்பாவும் அம்மாவும் காலையில் கரையோரமாக நடந்து போனார்கள். நான் பின்னால் சிப்பி பொறுக்கிக்கொண்டே போனேன். சிப்பிகள் ஏனோ அவர்கள் பக்கத்தில்தான் அதிகம் கிடந்தன. ஆனாலும் அலைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. அப்பா கடையை விட்டுவிட்டு வர முடியாது என்றார். வரச் சொல்லவில்லை என்றாள் அம்மா. அப்படியானால் புள்ளை, என்று அப்பா ஆரம்பித்தார். ஒரு பெரிய அலை வந்தது. அந்த அலையை நான் மன்னிக்க மாட்டேன்.

இவ்வளவு நாளாக இதைப் பற்றி நான் எழுதவில்லை. அம்மா போனால் நான் எங்கே இருப்பது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கும் இதில் கருத்து எதுவும் இல்லை. பத்தாம் வகுப்பை எங்கே படித்தாலும் பாடம் ஒன்றுதான்.

மீதி மீனை உப்புப் போட்டு மணலில் காயவைத்தோம். அப்பா வலை வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுவரைத் தட்டினார், கதவை ஆட்டினார், ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் போட்டு அணைத்தார். கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று படுத்துக்கொண்டு பார்த்தார். பிரகாசி அக்காளிடம், இந்த வலைகளை வேறு எங்காவது வைக்க முடியுமா என்று கேட்டார்.

"என்னத்துக்கு? நாளைக்குப் போறியள்லா?"

"போறமுங்க" என்றார் அப்பா. "சும்மா கேட்டேன்."

சும்மா என்று சொல்லும் பழக்கம் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று இன்று தெரிந்துகொண்டேன்.

மாலையில் அம்மா என்னை மட்டும் கூப்பிட்டுக் கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றின் மேல் உட்கார வைத்தாள். தலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். அவள் விரலில் மீன் வாடை அடித்தது. அம்மாவின் விரலில் எப்போதும் தபால் பசை வாடைதான் அடிக்கும்.

"உங்கொப்பனுக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை கண்ணு. உங்கிட்டத்தான் கேக்கறேன். நான் இங்க வந்தா நீ அங்கியே இருந்து படிக்கறயா, எங்கூட வர்றயா? நீ எது சொன்னாலும் செரி."

நான் பேச வாயைத் திறந்தேன். வரவில்லை. இந்த முறை உண்மையாகவே வரவில்லை.

அம்மா காத்திருந்தாள். பிறகு, "நூலகத்துச் சன்னல்ல மூக்கு வெச்சுப் பாத்தியாமா. ஆபீசுத் தம்பி சொன்னான்" என்றாள்.

தலையை ஆட்டினேன். இரண்டு கேள்விக்கும் சேர்த்து.

மே 10, ஞாயிறு

திரும்பும் ரயில். முன்பதிவு இல்லாத பெட்டிதான், திருநெல்வேலியில் மூச்சுவிட இடமில்லை. அப்பா கருவாட்டுப் பையை மேலே வைத்தார். சாத்தூர் வருவதற்குள் எங்கள் பக்கத்து இருக்கைகள் காலியாகிவிட்டன. விருதுநகருக்குப் பிறகு மூன்று பேரும் கால் நீட்டிப் படுத்தோம். சிக்கனப் பயணிகளுக்கு இதை என் நூலில் பரிந்துரை செய்வேன்.

வாடகை எவ்வளவு என்று புறப்படும்போதும் பிரகாசி அக்காள் சொல்லவில்லை. சேர்த்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். எதனோடு சேர்த்து என்று அப்பா கேட்கவில்லை.

மே 11, திங்கள்

அம்மா ஆபீஸில் சொல்லிவிட்டாள். வருகிறேன் என்று. சொல்லிவிட்டு வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்தாளாம். என் வழியாக அல்ல. எனக்கு வேலை குறைந்துவிட்டது. வருத்தமில்லை.

ஜூனில் நானும் அம்மாவும் போகிறோம். அப்பா சனிக்கிழமைதோறும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஊரில் எரியும் மோட்டார்களின் எண்ணிக்கையைப் பற்றி அவர் கடையில் எல்லோரிடமும் பேசுகிறார். இதை மேலும் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா போனை எடுத்தார். ஸ்பீக்கர் போட்டார். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"வியாகப்பனுங்களா? நான் கோபி நாச்சிமுத்து பேசறேன். ஜூன் மாசத்துல இருந்து எங்களுக்கு ஒரு சாளை வேணுமுங்க."



"ஐயா," என்றார் வியாகப்பன், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. "எந்தச் சாளை?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா போன் பக்கம் குனிந்தாள்.

"ரண்டுந்தானுங்க" என்றாள்.

"ஐஸ்?"

"வேண்டாமுங்க. ஃபேன் போதும்."

நான் எதையும் மெருகேற்றவில்லை. அப்படியே எழுதியிருக்கிறேன்.